அநுராதபுரத்துச் சிலுவை

அநுராதபுரத்தில் ரூவன்வெலிசாய, ஜேதவனாராமய எல்லாம் பார்த்தோம். ஆனால் பிள்ளைகளை நிற்கவைத்தது ஒரு கல்தான். 1912 இல் அகழ்வில் கிடைத்த கருங்கல் தூண் துண்டு. அதில் செதுக்கிய சிலுவை, அடியில் இலைகள். போர்த்துக்கேயர் காலத்தது என்றும் சொன்னார்கள். பாரசீகக் கிறிஸ்தவர்களுடையது என்பதே எங்களுக்கும் சரியாகப் படுகிறது. 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற வணிகர், இத்தீவில் அவர்களுக்குத் தேவாலயம் இருந்ததாக எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயர் வந்ததோ 1505 இல்!

"அப்ப நம்மட ஆக்களுக்கு முந்தியா சேர்?" என்றான் ஒருவன். ஓம் மகன், இஸ்லாத்துக்கே முந்தி.

நம்மை 'வந்தேறிகள்' என்றால் நமக்குச் சுடுகிறது. 'வெள்ளைக்காரன் கொண்டுவந்த மார்க்கம்' என்ற பேச்சோ நம்மூர்க் கடைவாசலிலேயே கேட்கிறது. பள்ளிக்கூட ட்ரிப் போகிறவர்கள் நூதனசாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.