சிறிய இன்பங்கள்

இக்கட்டுரைக்குச் 'சிற்றின்பங்கள்' என்று தலைப்பிடவே முதலில் எண்ணினோம். எண்ணிய மாத்திரத்தே அஞ்சினோம். அச்சொல்லுக்கு நம் முன்னோர் வேறொரு பொருளை நிலைநாட்டிச் சென்றுவிட்டனர். தமிழாசிரியன் ஒருவன் கடல் கடந்து சென்று நுகர்ந்த சிற்றின்பங்களை யூபிலி மலரிலே எழுதியிருக்கிறான் என்று கேள்வியுற்றால், எம்மிடம் பயின்ற பழைய மாணவர் மலரைத் தேடி வாங்குவர். வாசித்த பின் ஏமாறுவர். ஆதலால், தொகையை விரித்துச் 'சிறிய இன்பங்கள்' என்றே அமைத்துக்கொண்டோம்.

2022 ஆம் ஆண்டில் நம் நாடு பட்ட பாட்டை வாசகர் அறிவர். மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, எரிவாயுவுக்கு ஒரு வரிசை, பால்மாவுக்கு ஒரு வரிசை என்று வாழ்நாள் வரிசையிலே கழிந்தது. மாதச் சம்பளம் மாத நடுவைக் காணாது மறைந்தது. அரசாங்க ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாட்டில் உழைக்கலாம் என அவ்வாண்டில் அரசு வழிவிட்டது. எம் மனைவியாருக்கு இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள நோர்விச் நகரில், முதியோரைப் பராமரிக்கும் இல்லமொன்றில் வேலை கிடைத்தது. அவருக்குத் துணையாக நாமும் புறப்பட்டோம். பொதுப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த ஒரு வகுப்பை நடுவழியிலே விட்டுச் சென்றோம் என்பதையும் இங்கே மறைக்காது சொல்லிவிடுகின்றோம்.

பயிற்றப்பட்ட தமிழாசிரியர் என்னும் தராதரப் பத்திரத்தை நோர்விச் நகரில் யாரிடம் காட்டுவது? அங்கே எமக்குக் கிடைத்தது ஒரு பாடசாலையின் உணவுக்கூடத்தில் தட்டுத் துலக்கும் வேலை. தொழிலில் இழிவில்லை என்று இருபதாண்டாக மாணாக்கர்க்குப் போதித்தவர் நாம். அப்போதனையை எமக்கு நாமே சொல்லிக்கொள்ள நேர்ந்தபோதுதான் அது எத்துணைக் கடினமான பாடம் என்பது விளங்கிற்று. பாடவேளை மணி அடிக்குந்தோறும், சவர்க்கார நுரைக்குள் இருந்த எம் வலக்கை வெண்கட்டியைத் தேடும்.

ஞாயிறுதோறும் அம்மாவுடன் தொலைபேசியிற் பேசுவோம். குளிர் என்போம், பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது என்போம், வீட்டு வாடகையைச் சொல்வோம், கைவிரல் வெடிப்பைச் சொல்வோம். மகிழ்ச்சியாக ஏதும் நடந்திருப்பினும் அதனைச் சொல்ல நா எழுவதில்லை. ஊரார் வரிசையில் நிற்க, விட்டுவந்த மாணாக்கர் ஆசிரியரின்றித் தவிக்க, நாம் இங்கே மகிழ்ந்தோம் என்பது ஒரு துரோகம் போலவே தோன்றிற்று.

இவ்வாறு ஏழெட்டு மாதங் கழிந்தபின், ஒரு ஞாயிறன்று அம்மா இடைமறித்தார்.

"தம்பி, நீ போன நாள் துவங்கி அழுகைக் கதைதான் சொல்லுறாய். அங்கை நீ சிரிச்ச நாள் ஒண்டும் இல்லையோ?"

நாம் வாயடைத்து நின்றோம். பின்னர், முதல்நாள் கண்ட நண்டுக் கதையைச் சொன்னோம்.

நோர்விச் நகரிலிருந்து வடக்கே, 40 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில், குரோமர் என்னும் கடற்கரைப் பட்டினம் உண்டு. அங்கே பிடிபடும் நண்டுக்கு இங்கிலாந்து முழுவதும் பெயர். கடலுக்குள் நீண்டு செல்லும் மரப்பாலத்தின் இருமருங்கும் சிறுவர்கள் பெற்றோருடன் அமர்ந்திருந்தனர். நூலிலே சிறு வலைப்பையைக் கட்டி, அதனுள் இறைச்சித் துண்டை இட்டுக் கடலில் இறக்குகின்றனர். நண்டு பற்றியதும் மெல்ல இழுத்து வாளிக்குள் விடுகின்றனர். வாளி நிறையும் வரை ஒரே ஆரவாரம். பத்து, பன்னிரண்டு என்று எண்ணி மகிழ்ந்தபின், அந்தி சாயும் வேளையில், அத்தனை நண்டையும் கடலிலே கொட்டிவிட்டு வெறுவாளியுடன் வீடு திரும்புகின்றனர்! எம் மனைவியார் அக்காட்சியைக் கண்டு, "ஐயோ, ஒரு சட்டிக் குழம்பு போகுதே!" என்று பாலத்தின் மீதே தலையிற் கைவைத்தார்.

அம்மா சிரித்த சிரிப்பு, ஆயிரக்கணக்கான மைல் கடந்து எம் சிறிய அறையை நிறைத்தது. "பிடிச்ச நண்டைத் திருப்பி விடுற சனமோ!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்று தொடங்கி ஞாயிறுதோறும் ஒரு கதை கடனாயிற்று. கதை சொல்ல வேண்டுமாயின் கதை காண வேண்டுமன்றோ? அதன்பின்பே நாம் கண்ணைத் திறந்துகொண்டு தெருவில் நடக்கலானோம்.

முதலில் கண்ணிற் பட்டது பஸ் வண்டி. 2023 சனவரியிலிருந்து 2024 முடியும் வரை, இங்கிலாந்தின் பெரும்பாலான பஸ் வண்டிகளில் ஒருவழிப் பயணம் எத்துணைத் தொலைவாயினும் இரண்டு பவுணுக்கு மேல் அறவிடலாகாது என்று விதித்திருந்தனர். இரட்டைத்தட்டு வண்டியின் மேல்தட்டிலே முன்வரிசை ஆசனம் கிடைத்துவிடின் அது சிம்மாசனமேதான். மரக்கிளைகள் கண்ணாடியைத் தட்டிச் செல்லும். சாரதியின்றி நாமே வண்டியை ஓட்டிச் செல்வது போலத் தோன்றும். அவ்வாசனத்தின் பொருட்டு நரைதலையர் நாமும் பத்து வயதுச் சிறுவரும் படியேறும்போது ஒருவரையொருவர் முந்தினோம். அந்நாட்டுப்புறமோ மலையற்றது. தட்டை நிலம், நெடிய வானம், எக்காலமும் வீசும் காற்று, வழிமுடிவிலே கடல். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டால், வல்லை வெளியைக் கடந்து பருத்தித்துறைக்குச் செல்கின்றோம் என்றே நெஞ்சு ஒருகணம் ஏமாறும்.

அடுத்தது கடிகாரம். ஆண்டுதோறும் பங்குனி மாதக் கடைசி ஞாயிறன்று அந்நாட்டார் கடிகாரத்தை ஒருமணி முன்னே தள்ளி, ஐப்பசி மாதக் கடைசி ஞாயிறன்று பின்னே இழுப்பர். ஐந்தரை மணி நேர வித்தியாசம் நாலரையாகும். பின் மீண்டும் ஐந்தரையாகும். நாம் வழமையான நேரத்திற்றான் அழைப்போம். அம்மாவுக்கோ அழைப்பு ஒருமணி முந்தியோ பிந்தியோ வரும். "மனிசருக்குத்தான் குளிர்க் காய்ச்சல் எண்டால், மணிக்கூட்டுக்குமோ?" என்றார்.

நோர்விச் பேராலயத்தின் கூர்ங்கோபுரம் 96 மீற்றர் உயரமுடையது. இங்கிலாந்திலே அதனினும் உயர்ந்தது சோல்ஸ்பரி ஆலயத்தினது மட்டுமே. அக்கோபுரத்தில் 2011 ஆம் ஆண்டு வல்லூறுகளுக்கென ஒரு மேடை அமைத்துக் கொடுத்தனர். அடுத்த ஆண்டிலே அவை குஞ்சு பொரித்தன. இளவேனிற் காலத்திற் பறவை ஆர்வலர் முற்றத்திலே தொலைநோக்கிகளை நாட்டி வருவோர் போவோரையெல்லாம் அழைத்துக் காட்டுவர். கட்டணமில்லை. வேலை முடிந்து செல்லும் வழியில் நாமும் வரிசையில் நின்று பார்த்தோம். வெண்பஞ்சு போன்ற குஞ்சொன்று வாயைப் பிளந்தது. தாய் இரையைக் கிழித்து ஊட்டிற்று. வரிசை என்றாலே வெறுப்புற்றிருந்த எமக்கு, இப்படியும் ஒரு வரிசை உலகில் உண்டென்பது புதுமையாயிருந்தது.

இனி, சொல்லக் கூசும் இன்பம் ஒன்று. அந்நாட்டுப் பாடசாலைகளிலும் ஆண் ஆசிரியரைச் 'சேர்' என்றே அழைப்பர். தட்டுத் துலக்குவோரை அவ்வாறு அழைக்கும் வழக்கமில்லை. ஒருநாள், ஆறு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் வெறுந்தட்டை எம்மிடம் நீட்டி, "நன்றி, சேர்" என்றான். அவனுக்கு எம் பதவி தெரியாது. ஆண்பிள்ளை ஒருவர் பாடசாலையில் நின்றால் அவர் 'சேர்' என்பது அவன் கணக்கு. அவன் ஓடி மறைந்த பின்னும் அத்தட்டைக் கையில் ஏந்தியபடியே நின்றோம். அன்றிரவு எம் மனைவியாருக்குக்கூட அதனைச் சொல்லவில்லை. ஞாயிறன்று அம்மாவுக்குச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளை நல்லாயிருக்க வேணும்" என்றார்.

விடுமுறை நாட்களில் நாம் தங்கியது நகர நூலகத்தில். கணகணப்பான இடம், எவரும் சென்று எவ்வளவு நேரமும் இருக்கலாம். பேசத் தேவையில்லை, பணம் தேவையில்லை. பல மாதம் அங்கு அமர்ந்தபின்பே அதன் வரலாற்றை அறிந்தோம். அந்நகரின் பழைய மத்திய நூலகம் 1994 ஆகஸ்ட் முதலாந் தேதி தீயினால் அழிந்தது. ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் எரிந்தன. புதிய கட்டடம் 2001 இல் திறக்கப்பட்டது. எமக்கு உடம்பு சிலிர்த்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்பர். அங்கு நேர்ந்தது விபத்து. இங்கு நேர்ந்தது வைத்த தீ. ஆயினும் சாம்பலின் நிறம் ஒன்றே.

இதனைச் சொல்லலாமோ என்று தயங்கியே சொன்னோம். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. "உன்னை இடுப்பிலை வைச்சுக்கொண்டு நிண்டு அந்தப் புகையைப் பாத்தனான்" என்றார். பின்னர், "அவையும் திரும்பக் கட்டிப்போட்டினமோ?" என்று கேட்டார்.

"கட்டிவிட்டார்கள் அம்மா. அதற்குள் இருந்துதான் வாசிக்கின்றேன்."

"நாங்களும் கட்டினம்தானே" என்றார். அவ்வார இன்பம் அதுவே.

2025 இல் ஊர் திரும்பிப் படலையைத் திறந்தபோது, அயல்வீட்டு அம்மையார் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நண்டு விடுற ஊராலை வந்திட்டியளோ, சேர்?" என்றார். ஒழுங்கை முழுவதும் எம் கதைகளை அறிந்திருந்தது. வல்லூற்றின் குஞ்சு எத்தனை என்பதிலே இரு வீட்டாரிடையே வழக்கும் இருந்தது. நாம் அனுப்பிய பணம் அரிசியாகவும் மருந்தாகவும் மாறி மறைந்துவிட்டது. கதைகளோ செலவாகாமல் இருந்தன.

எம் பூட்டனார் மலாயாவில் புகையிரதப் பகுதியிலே எழுதுவினைஞராயிருந்தவர். அவருடைய கடிதங்கள் சில எம் வீட்டுத் தகரப் பெட்டியில் உள்ளன. மணியோடர்த் தொகை, காணி வழக்கு, சுகச் செய்தி ஆகியவை அவற்றில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. அவர் அங்கே எதைக் கண்டு சிரித்தார், எந்தத் தெருவில் உலாவ விரும்பினார் என்பது எம் குலத்தில் இன்று ஒருவருக்கும் தெரியாது. அத்தனை ஆண்டு வாழ்வில் ஒரு நாளேனும் அவர் சிரித்திராமலா இருப்பார்? எம்மைப் போலவே சொல்லக் கூசியிருப்பார்.

உலகின் பல திசைகளிலும் வாழும் பழைய மாணவர்களே! நீவிர் கல்லூரிக்கு அனுப்பும் நிதியை நன்றியுடன் ஏற்கின்றோம். ஊரை நினைந்து நீவிர் வடிக்கும் கண்ணீரையும் அறிவோம். அவற்றோடு, பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து நகைத்த கதையையும், பூச்சட்டியிலே முருங்கை துளிர்த்த கதையையும் உம் தாய்மாருக்குச் சொல்லுங்கள். பிள்ளை வருந்துகிறான் என்னும் செய்தி அவர்களுக்கு உறக்கத்தைக் கெடுக்கும். பிள்ளை சிரித்தான் என்னும் செய்தி அயல்வீடு வரை நடந்து செல்லும்.

விட்டுச் சென்ற அவ்வகுப்பு மாணாக்கர் இன்று கல்லூரியில் இல்லை. அக்கடனை இப்போதுள்ள வகுப்புக்குத் தீர்த்துக்கொண்டிருக்கின்றோம். மாலையில் வீடு திரும்பியதும் அம்மா, "இண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை என்ன சிரிப்பு?" என்று கேட்கிறார். நாம் ஊரிலிருந்த காலத்தில் ஒருநாளும் அவர் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை. இப்போது, கடைசி மணி அடிக்குமுன்னரே அன்றைய கதையைத் தேடத் தொடங்கிவிடுகின்றோம்.