ஆரே ஆற்றோடு போகும் எட்டாம் இலக்கப் பாதை

பேர்ன், சுவிற்சர்லாந்து



இந்த நாட்டின் தெருச் சந்திகளில் சிறிய சிவப்புப் பலகைகளைக் காணலாம். வெள்ளைச் சைக்கிள் படமும் பக்கத்தில் ஓர் இலக்கமும் இருக்கும். ஓரிலக்க எண் என்றால் நாட்டைக் குறுக்கறுத்துப் போகும் பாதை, ஈரிலக்க எண் என்றால் பிராந்தியப் பாதை, மூவிலக்க எண் என்றால் ஊர்ப்பாதை. 1998இல் ஒன்பது தேசியப் பாதைகளோடு இந்த ஏற்பாடு தொடங்கியது. அவற்றில் எனக்கு நெருக்கமானது எட்டாம் இலக்கம். அது ஆரே ஆற்றோடு கூடவே போகிறது.

ரோன் பள்ளத்தாக்கில் உள்ள ஓபர்வால்ட் கிராமத்தில் புறப்பட்டு, ஆரே போய் ரைன் நதியில் சேரும் கோப்லென்ஸ் வரை ஏறக்குறைய 300 கிலோமீற்றர். தொடக்கமே கடுமையானது. 2,164 மீற்றர் உயரத்தில் இருக்கும் கிரிம்செல் கணவாய்க்கு ஏறவேண்டும். ஓபர்வால்டிலிருந்து எண்ணூறு மீற்றர் ஏற்றம். மேலே மரம் இல்லை. கருங்கல்லும், பனிப்பாறை உருகிவரும் நீரை மறித்துக் கட்டிய அணைகளுந்தான். அங்கிருந்து குட்டானன், மைரிங்கன் ஊர்கள் வரை ஒரே இறக்கம். வழியில் சில இடங்களில் கார்களும் லொறிகளும் மலைக்குள் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்துவிடும். சைக்கிள்காரருக்கு மலையோரத்துப் பழைய தெருவை விட்டுவைத்திருக்கிறார்கள். சுரங்கத்தின் இரைச்சலும் புகையும் நமக்கில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆழத்தில் ஆறு.

பிரியன்ஸ் ஏரியிலும் இதே ஒழுங்குதான். வடகரையில் ரயில் ஓடுகிறது. தென்கரையில் ஏ8 விரைவுச்சாலை பெரும்பகுதி மலைக்குள் போய்விடுகிறது. ஆகவே கீஸ்பாக் அருவியைத் தாண்டி ஈசெல்ட்வால்ட் போகும் தென்கரைப் பாதையில் மோட்டார் சத்தம் குறைவு. ஏற்ற இறக்கம் உண்டு, மரநிழலும் உண்டு. பச்சையும் நீலமும் கலந்த ஏரித் தண்ணீர் அடிக்கடி மரங்களுக்கிடையே தெரியும்.

இந்தப் பாதையில் திரும்பத் திரும்பப் போனதில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இங்குள்ள அமைதி இயற்கை தந்ததல்ல. வாகனங்களுக்கு வேறு வழி கொடுத்து, பழைய தெருவை அழிக்காமல் வைத்திருந்ததால் வந்தது. இதற்குச் சிறந்த சான்று கொத்தார்ட் மலையில் இருக்கிறது. அங்கே தெற்குச் சரிவில் ட்ரெமோலா என்றொரு பழைய தெரு, கல் பாவியது, 24 கொண்டையூசி வளைவுகளோடு ஏறுகிறது. ஒருகாலத்தில் வடக்கையும் தெற்கையும் இணைத்த பெருவழி அது. பிறகு கணவாய்க்கு அகலமான புதுத்தெரு வந்தது. 1980இல் ஏறக்குறைய 17 கிலோமீற்றர் நீளமான தெருச்சுரங்கம் திறந்தது. 2016இல் 57 கிலோமீற்றர் ரயில் சுரங்கமும் திறந்தது. ஒவ்வொன்றும் பழைய தெருவின் தலையிலிருந்து கொஞ்சம் பாரத்தை இறக்கியது. இன்று ட்ரெமோலாவின் கற்களில் சைக்கிள்கள் மெதுவாக ஏறுகின்றன.

ஆரே ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் இப்படி ஒரு வரலாறு உண்டு. பேர்னுக்கும் பீல் நகரத்துக்கும் இடையிலுள்ள சமவெளி ஒருகாலத்தில் சதுப்பு. ஆரே அடிக்கடி கரைபுரண்டு வயல்களை அழித்தது. வெள்ளத்தால் அல்லலுற்ற மையன்ரீட் என்ற சிற்றூரில் பிறந்த வைத்தியர் ஜொகான் ருடொல்ஃப் ஷ்னைடர், ஆற்றைத் திருப்பவேண்டும் என்று பல பத்தாண்டுகள் வாதாடினார். 1868இல் வேலை தொடங்கியது. ஹாக்னெக் கால்வாய் வெட்டி, 1878இல் ஆற்றை பீல் ஏரிக்குள் திருப்பிவிட்டார்கள். ஏரியிலிருந்து பூரன் ஊர் வரை இன்னொரு கால்வாய். சதுப்பு காய்கறித் தோட்டமானது. இன்று எட்டாம் இலக்கப் பாதை அந்தக் கால்வாய்க் கரைகளில் போகிறது. வன்னியில் குளக்கட்டு மேல் சைக்கிள் ஓடியவர்களுக்கு இந்த உணர்வு தெரியும்: ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பயிர், நடுவில் நேரான, மேடு பள்ளமில்லாத வழி. வெள்ளத்துக்காகக் கட்டிய கரை, நூறு வருடம் கழித்துக் குழந்தைகளும் முதியவர்களும் பயமின்றி ஓடும் பாதையாகிவிட்டது.

தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்திலும் தெருக்கள் அமைதியாக இருந்தன. போரினால் பெற்றோல் தடை. ஆசிரியரும் சைக்கிளில், நோயாளியும் சைக்கிள் கரியரில், விறகும் அரிசியும் சைக்கிளில். அந்த அமைதியை நாங்கள் கேட்கவில்லை, அது எங்கள்மேல் சுமத்தப்பட்டது. அதனால்தான், அமைதியான தெருவை மக்களே வேண்டிக் கேட்டு வாக்களிப்பதை இங்கே பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. 2018 செப்டம்பர் 23இல் நடந்த வாக்கெடுப்பில், சைக்கிள் பாதைகளை அரசியலமைப்பின் 88ஆம் பிரிவில் சேர்க்க 73.6 வீதத்தினர் ஆம் என்றார்கள். எல்லா மாநிலங்களிலும் ஆம்தான் வென்றது. நடைபாதைகள் அரசியலமைப்புக்குள் வந்தது 1979 வாக்கெடுப்பினால். சைக்கிள் நாற்பது வருடம் பிந்தி வந்து பக்கத்தில் அமர்ந்தது. அதன்படி வந்த சட்டம் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநிலங்கள் 2027 முடிவுக்குள் பாதை வலையமைப்பைத் திட்டமிடவேண்டும், 2042 முடிவுக்குள் கட்டி முடிக்கவேண்டும்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கிரிம்செல் கணவாய் பொதுவாக ஜூனிலிருந்து ஒக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் பனி. ஏற முடியாதவர்கள் மைரிங்கனிலிருந்து தொடங்கலாம். அங்கிருந்து பிரியன்ஸ் வரை தரை மட்டம். சைக்கிளுக்கும் ஒரு பயணச்சீட்டு எடுத்தால் ரயிலில் ஏற்றிக்கொண்டு போகலாம். களைத்த இடத்தில் இறங்கி, அடுத்த நிலையத்திலிருந்து வீடு திரும்பலாம். மலைத்தெருவில் மஞ்சள் தபால் பேருந்தின் மூன்று சுர ஊதல் கேட்டால் ஓரமாக நின்று வழி விடுங்கள். அதற்கு அங்கே முன்னுரிமை உண்டு.

இங்கே எங்கள் தமிழ் ஆட்களில் பலர் கிழமை முழுவதும் உணவகச் சமையலறையிலும் மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் நின்று உழைக்கிறார்கள். ஓய்வுநாள் வந்தால் கார் எடுத்துக் கோயிலுக்கும் கொண்டாட்டங்களுக்கும் ஓடுகிறார்கள். ஆறு வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது, பலர் அதன் கரையை அறியமாட்டார்கள். இந்தப் பாதைகளில் போவதற்கு விலையுயர்ந்த வண்டி வேண்டாம், விளையாட்டு வீரராக இருக்கவும் வேண்டாம்.

இங்கே பிறந்து வாக்குரிமை பெற்ற பிள்ளைகளுக்கு இன்னொரு வேண்டுகோள். திட்டம் தீட்டும் காலம் இதுதான். உங்கள் ஊர்ச்சபைக் கூட்டத்துக்குப் போங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆற்றங்கரைக்கு, நிலையத்திலிருந்து வைத்தியசாலைக்கு, கார் பயமில்லாத பாதை எங்கே என்று கேளுங்கள். ஷ்னைடரின் காலத்தவர் ஆற்றையே திருப்பினார்கள். அதோடு பார்த்தால் ஒரு தெருவைத் திருப்புவது சிறிய வேலை. யாராவது எழுந்து கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் மடல்காரர்