கன்னடியன் கால் ஓரத்து மனைகள்

வழக்கு சின்னதுதான். தாமிரபரணியின் பாசனக் கால்வாயான கன்னடியன் காலிலிருந்து பிரிந்துபோகும் ஒரு கிளை வாய்க்காலை, மேல்வயலை வாங்கியவர்கள் சரள் மண் அடித்து மூடி, அதன்மேல் மனைகளுக்குச் சாலை போட்டுவிட்டார்கள். கீழ்வயல்காரர்கள் என்னிடம் வந்தார்கள்.

அந்த வயல்கள் இருக்கும் சேரன்மகாதேவியில் ரயில் நிலையம் உண்டு, பாபநாசம் சாலை உண்டு, திருநெல்வேலியும் பக்கம். நகரம் மேற்கே நீளும்போது மனை விற்பவர்கள் இங்கே வருவது இயல்பு.

“வீட்ட எங்க வேணாலும் கெட்டிக்கிடலாம் வக்கீலய்யா. பிசானத்துக்குத் தண்ணி இந்த ஒரு வழியாத்தான வரணும்?” என்றார் கட்சிக்காரர்களில் மூத்தவர். வழக்குரையின் சாரமே அதுதான். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, இருபது ஆண்டுகள் தடையின்றி, உரிமையாக அனுபவித்த நீர்வழியை யாரும் அடைக்க முடியாது. மூடியதைத் திறக்கச் செயலுறுத்துக் கட்டளையும், இனி மூடாதிருக்க நிரந்தர உறுத்துக்கட்டளையும் கேட்டோம்.

கிரயப் பத்திரத்தில் வாய்க்காலே இல்லை, மனைப்பிரிவுக்கு அனுமதி இருக்கிறது என்றது எதிர்த்தரப்பு. புலப்படத்தில் வாய்க்கால் இருந்தது. அடங்கலில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களும் வருடந்தோறும் பதிவாகியிருந்தன. அட்வகேட் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்தபோது, சாலைக்கடியில் வாய்க்காலின் தடம் அப்படியே கிடைத்தது. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. வாய்க்கால் திறந்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு வாய்க்காலைத்தான் காத்தது. வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று நீளும் கன்னடியன் கால் பாசனத்தில் எங்கே ஊர் வளரலாம், எங்கே கூடாது என்று உரிமையியல் நீதிமன்றம் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டிய சட்டங்களில்தான் ஓட்டை இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, பலபோகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்கிறது. அது அரசு கையகப்படுத்தும்போதுதான் பொருந்தும். வயல் வயலாகக் கிரயம் வாங்கி மனை போடுபவரை அது தொடுவதில்லை. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்த பிறகு, அனுமதி வாங்கும் வழக்கம் கூடியது. அனுமதி தருபவர்களோ சாலை அகலத்தையும் பூங்காவுக்கு விட்ட இடத்தையும் ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் தனித்தனியே பார்க்கிறார்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கை முழுதாக யாரும் பார்ப்பதில்லை.

அதன் விலை என்னவென்று 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி காட்டியது. திருநெல்வேலி சந்திப்புப் பகுதியே வெள்ளத்தில் மூழ்கியது. வயல் என்பது விளைச்சலுக்கு மட்டுமல்ல, வெள்ளம் பரவி நிற்கவும் வேண்டும்.

புதிய குடியிருப்புகளே கூடாது என்பது என் கட்சியல்ல. பிள்ளைகளுக்கு வீடு வேண்டும். நெல்லைக்கு வடக்கே கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது புன்செய் மேட்டில். அதுபோன்ற மேட்டுநிலங்களை முதலில் பார்க்கலாம். அங்கும் மானாவாரிக் குளங்களையும் அவற்றின் வரத்துக்கால்களையும், மேய்ச்சலை நம்பியிருப்பவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். குடிநீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கு விடை கிடைத்த பிறகுதான் இடம் முடிவாக வேண்டும்.

அதற்கான ஆவணங்கள் வருவாய்த் துறையிடமே இருக்கின்றன. கிராம வரைபடமும் புலப்படமும் ஆயக்கட்டுக் கணக்கும் நீதிமன்றத்தில் சான்றாவணமாக வரும்போது பாதி வயல் விற்றுப்போயிருக்கிறது. முதல் மனைக்குக் கல் ஊன்றும் முன்பே, நகரமைப்புத் திட்டம் போடுபவர்களின் மேசையில் அவை விரிய வேண்டும்.