பாதுகாப்பானதா என்பதற்கு முன் எதற்காக என்பது

கருவுற்ற முதல் மாதங்களில் புரோபயாட்டிக் மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, "தீங்கு ஏதும் கண்டறியப்படவில்லை" என்பது. கேட்பவர் அதனை "தீங்கு இல்லை" என்று எடுத்துக்கொள்கிறார். இவ்விரு தொடர்களும் ஒன்றல்ல. தேடிப் பார்த்தும் கிடைக்காத தீங்கு ஒரு வகை. தேடவே படாத தீங்கு இன்னொரு வகை. கர்ப்பத்தின் முதல் பன்னிரண்டு வாரங்களைப் பொறுத்தவரை நம் கையிலிருக்கும் சான்று இரண்டாவது வகைக்கே நெருக்கமானது.

சித்தூரில் பிறந்து திருப்பதியில் ஆய்வு செய்யும் ஒரு மாணவியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். 1953 வரை சென்னை மாகாணத்தோடு இருந்த மாவட்டம் அது. வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் இன்றும் இயல்பாகப் புழங்குகின்றன. வாரந்தோறும் சந்திரகிரி வழியாகப் பேருந்தில் போய்வருபவர் அவர். ஏழாவது வாரம். குமட்டல், அதனோடு மலச்சிக்கல். உடன் பயிலும் தோழி ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்து, "வெறும் நல்ல கிருமிதான், ஒன்றும் செய்யாது" என்கிறார். சென்ற ஆண்டு ஒரு கரு ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது. அப்போது பப்பாளி தின்றாயா, பேருந்தில் ஏன் போனாய் என்று உறவினர் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆகவே மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே மேசைமீது கிடக்கிறது. சித்தூரிலிருந்து தாயார் தொலைபேசியில் கேட்கிறார்: "அந்த டப்பாவுல இருக்கறது நம்ம தயிர்ச் சட்டியில இல்லையாடி?"

தாயாரின் கேள்வி எளிதில் தள்ளக்கூடியதன்று. தயிர், மோர், பழையது, புளித்த கேழ்வரகுக் கூழ் ஆகியவை அப்பகுதியின் அன்றாட உணவுகள். திருமலையின் பிரசாதங்களுள் தயிர்ச்சோறும் ஒன்று. ஆயினும் அறிவியல் மொழியில் வீட்டுத் தயிர் புரோபயாட்டிக் ஆகாது. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு 2001இல் வகுத்த வரையறையின்படி, போதிய அளவில் தரப்படும்போது உடலுக்கு நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணுயிரே புரோபயாட்டிக். எந்த இனம், எந்த உட்பிரிவு, எத்தனை கோடி என்பவை தெரிந்திருக்க வேண்டும். உறைமோரில் இருப்பது வீட்டுக்கு வீடு மாறும் ஒரு கலவை. அது நல்ல உணவு. மருந்தாகக் கணக்கிட முடியாத உணவு. மறுபுறம், தலைமுறைகளாக எண்ணற்ற கர்ப்பிணிகள் உண்டு பழகியது என்ற சான்று அதற்கு உண்டு. மாத்திரைக்கு அப்பழக்கத்தின் சான்றைக் கடன்கொடுக்க இயலாது.

மாத்திரைக்குரிய சான்று எங்கிருந்து வந்தது? பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்து 2001இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில் 159 பெண்கள் பங்கேற்றனர். குழந்தைக்கு ஒவ்வாமைத் தோல்நோய் வராமல் தடுப்பதே நோக்கம். அவர்கள் லாக்டோபேசிலஸ் வகை ஒன்றை உட்கொண்டது பேற்று நாளுக்கு முந்தைய இரண்டு முதல் நான்கு வாரங்களில். அதன்பின் வந்த பல ஆய்வுகளும் கர்ப்பத்தின் இறுதிப் பகுதியையே எடுத்துக்கொண்டன. முழு வளர்ச்சியடைந்த குழந்தையைச் சுமக்கும் தாய்க்குத் தீங்கில்லை என்று கண்டதை, இதயம் உருவாகிக்கொண்டிருக்கும் ஏழாவது வாரத்துக்கு அப்படியே நீட்டிவிடுகிறோம்.

முதல் மாதங்களை ஆராய்வது கடினம் என்பதற்கு எண்ணிக்கையே காரணம். அறியப்பட்ட கர்ப்பங்களில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு தாமாகவே கலைகின்றன. அவற்றில் பாதியளவு கருவின் குரோமோசோம் பிழையால் நேர்பவை. 15 விழுக்காடாக இருக்கும் கருக்கலைவை ஒரு மாத்திரை 18 விழுக்காடாக உயர்த்துகிறதா என்று உறுதியாக அறிய, வழக்கமான புள்ளியியல் கணக்கின்படி ஒவ்வொரு குழுவிலும் சுமார் 2,400 பெண்கள் தேவை. சில நூறு பேரைக் கொண்ட ஆய்வு "வேறுபாடு இல்லை" என்று சொன்னால், வேறுபாட்டைக் காணும் கண் அதற்கில்லை என்றும் பொருள் கொள்ளலாம். அதே எண்கள் ஆறுதலும் தருகின்றன: மாத்திரை எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும், பப்பாளி தின்றவருக்கும் தின்னாதவருக்கும் கரு கலைகிறது. ஒரு பெண்ணின் இழப்பைக் கொண்டு ஒரு பொருளையும் குற்றம் சாட்ட முடியாது. அப்பெண்ணையும் சாட்ட முடியாது.

இனிப் பயனைப் பார்க்க வேண்டும். கர்ப்பகால நீரிழிவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையோடு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உடல் எடை மிகுந்த 411 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. இருபது வாரத்துக்கு முன்பே மாத்திரை தொடங்கப்பட்டது. 2019இல் வெளியான முடிவில் நீரிழிவு குறையவில்லை. மிகை ரத்த அழுத்தத்தோடு வரும் முன்சூல்வலிப்பு, புரோபயாட்டிக் குழுவில் 9.2 விழுக்காடு, போலிமாத்திரைக் குழுவில் 4.9 விழுக்காடு. தனியாகப் பார்த்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் 2021இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு நான்கு ஆய்வுகளின் 955 பெண்களை ஒன்றுசேர்த்தபோது இவ்வாபத்து 1.85 மடங்காகத் தெரிந்தது. இதற்கு எதிர்த்திசையிலும் சான்று உண்டு. நார்வேயில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வில், புரோபயாட்டிக் பாலைத் தொடக்கத்தில் அருந்தியவர்களிடம் குறைப்பிரசவமும், பிற்பகுதியில் அருந்தியவர்களிடம் முன்சூல்வலிப்பும் சற்றுக் குறைவாக இருந்தன. அது பால் உணவு; அருந்துவதும் விடுவதும் அவரவர் விருப்பம்; ஆகவே அதைக் காரணமாகக் கொள்ளல் அரிது. இரண்டையும் அருகருகே வைத்தால், "எதற்கும் இருக்கட்டும்" என்று விழுங்கும் பொருளன்று இது என்பது மட்டும் தெளிவாகிறது.

சரியான கேள்வி எப்படியிருக்கும் என்பதை ஒடிசா காட்டியது. அங்குள்ள ஊர்ப்புறங்களில் பிறந்த 4,556 சிசுக்களில் ஒரு பகுதிக்கு லாக்டோபேசிலஸ் பிளாண்டாரம் வகையில் தேர்ந்தெடுத்த ஓர் உட்பிரிவு ஏழு நாள் தரப்பட்டது. நச்சுக்குருதியும் இறப்பும் சேர்ந்த விகிதம் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 ஆகக் குறைந்ததாக 2017இல் முடிவு வெளியாயிற்று. எந்த நுண்ணுயிர், யாருக்கு, எத்தனை நாள், எந்த நோய்க்கு என்ற நான்கும் அங்கே முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தன. மேசைமீது கிடக்கும் அட்டைக்கு இந்த நான்கில் ஒன்றும் தெரியாது.

ஆகவே ஏழாவது வாரத்துப் பெண்ணுக்குச் சொல்லத்தக்கவை சில. மலச்சிக்கலுக்கு நீரும் நார்ச்சத்தும் முதல் மருந்து. போதாதெனில் மகப்பேறு மருத்துவர் வேறு வழி சொல்வார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோடு மருத்துவரே புரோபயாட்டிக்கை எழுதித்தந்தால் அதற்கொரு நோக்கம் உண்டு. எதற்காக என்று கேட்டு எடுத்துக்கொள்ளலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011இல் வெளியிட்ட நெறிமுறைப்படி இனமும் உட்பிரிவும் உயிருள்ள எண்ணிக்கையும் உறையில் இருக்க வேண்டும், இல்லாததை விட்டுவிடலாம். இதய வால்வில் பழுதுள்ளவர், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் ஆகியோருக்கு இந்த "நல்ல கிருமி"யே அரிதாக ரத்தத்தில் கலந்து நோய் தருவதுண்டு. முன்னரே அறியாமல் சில நாள் விழுங்கியவர் அஞ்ச வேண்டியதில்லை. அச்சத்துக்குரிய சான்றும் இல்லை. தயிரைத் தாராளமாக உண்ணலாம், பால் நன்கு காய்ச்சப்பட்டிருந்தால். பால்வளம் மிக்க சித்தூர்ப் பகுதியில் கறந்த பாலை அப்படியே அருந்துவதுதான் கர்ப்பிணிக்கு உண்மையான ஆபத்து. லிஸ்டீரியா, புருசெல்லா ஆகிய கிருமிகள் அதில் இருக்கக்கூடும், லிஸ்டீரியா கருவையே தாக்கும்.

திருப்பதியில் அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. பால் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் என்ன உண்டார், என்ன மாத்திரை விழுங்கினார் என்று கேட்டு எழுதிவைத்து, பேறுவரை தொடரும் ஒரு பதிவேடு போதும். சித்தூர்த் தாயாரின் தயிர்ச் சட்டிக்கும் தோழியின் மாத்திரை அட்டைக்கும் இடையிலுள்ள கேள்விக்கு, பிரிஸ்பேனையோ நார்வேயையோ கேட்காமல் இம்மண்ணின் பெண்களைக் கொண்டே விடை காணலாம்.