ஹரோவில் ஓர் அரைப்பரப்பு

2022ஆம் ஆண்டு ஆடி மாதக் கடைசியிலே நான் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபொழுது, எங்கள் ஊரில் மண்ணெண்ணெய்க்கும் சமையல் எரிவாயுவுக்கும் சனங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தனர். முந்திய ஆண்டு இரசாயனப் பசளைக்கு விதிக்கப்பட்ட தடையின் விளைவு சந்தையிலே விலையாகத் தெரிந்தது. அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து, வீட்டிலே பயிர் செய்யுங்கள் என்று சொல்லப்பட்ட காலம் அது. அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்குவதற்கு இருமுறை யோசித்துப் பழகிய மனத்தோடு இலண்டன் மாநகரிலே வந்திறங்கினேன். நகரின் வடமேற்கேயுள்ள ஹரோ என்னும் பகுதியில் என் தமக்கையாரின் வீடு இருக்கிறது. அந்த வீட்டுக் குசினியில் முதன்முதலாக என் கண்ணிற்பட்ட காட்சி, மேசையை மூடிக் கிடந்த பச்சைக் காய்களின் குவியல். எண்ணிப் பார்த்தேன்; இருபத்துமூன்று இருந்தன.

“இது என்ன அக்கா, வெள்ளரிக்காயோ?” என்று கேட்டேன்.

“வெள்ளரிக்காய் எண்டால் பச்சையாய்த் திண்டு முடிச்சிருப்பமே! இது கூர்ஜெற். உன்ரை அத்தான்ரை வேளாண்மை. முந்தநாள் கொண்டு வந்தது. இண்டைக்கும் கொண்டு வருவார், பார்.”

அன்று மாலை அத்தான் கொண்டுவந்த பையிலே மேலும் ஒன்பது இருந்தன.

கூர்ஜெற் என்று ஆங்கிலேயரும், சுக்கினி என்று இத்தாலியரும் அமெரிக்கரும் அழைக்கும் இக்காய் பூசணி இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பசுக்குப் பின்னர் ஐரோப்பாவுக்கு வந்து, வட இத்தாலியிலே இன்றைய உருவத்தைப் பெற்றது. சுக்கினி என்றாலும் கூர்ஜெற் என்றாலும் பொருள் ஒன்றே. சின்னஞ்சிறு பூசணி என்பதாம். பிஞ்சிலே பறித்தால் அதற்கு இந்தப் பெயர். பறிக்காமல் விட்டால் ஒரு வாரத்திலே முழங்கை அளவுக்குப் பருத்து, தோல் தடித்து, உள்ளே விதை முற்றிவிடும். ஆங்கிலேயர் முன்னாளிலே உண்டுவந்த ‘மரோ’ என்னும் பெருங்காயும் ஏறக்குறைய இதுதான். பிஞ்சாகப் பறித்துத் தின்னும் வழக்கம் 1950ஆம் ஆண்டுக்குப் பின்னர், எலிசபெத் டேவிட் அம்மையார் போன்றோர் எழுதிய சமையல் நூல்களினாலேயே அவர்களிடையே பரவிற்று என்பர்.

மறுநாட் காலையில் அத்தானோடு தோட்டத்தைப் பார்க்கப் போனேன். இங்கிலாந்திலே வீட்டோடு போதிய நிலம் இல்லாதவர்கள் மரக்கறி பயிரிடுவதற்கென நகரசபைகள் சிறு துண்டு நிலங்களைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கின்றன. இவற்றுக்கு அலொற்மென்ற் என்று பெயர். 1908ஆம் ஆண்டுச் சட்டம் இதனைச் சபைகளின் கடமையாகவே ஆக்கியது. இரண்டாம் உலக யுத்த காலத்திலே பூங்காக்களையும் கொத்திப் பயிரிட்ட தேசம் அது. ஒரு துண்டின் பழைய அளவு பத்து ‘றொட்’. நம்மவர் இதைக் கேட்டால் வியப்படைவர்: றொட் என்பதும் பேர்ச் என்பதும் ஒன்றே, பத்துப் பேர்ச் என்பது யாழ்ப்பாணத்திலே நாம் சொல்லும் ஒரு பரப்பேயாகும். இப்பொழுது கேட்போர் தொகை மிகுந்துவிட்டமையால் பல இடங்களிலே துண்டைப் பாதியாக்கிக் கொடுக்கிறார்கள். அத்தானுக்குக் கிடைத்ததும் அத்தகைய பாதிதான், அரைப்பரப்பு.

அத்தானுக்கு ஊரிலே எட்டுப் பரப்புச் செம்மண் தோட்டம் இருந்தது. வலிகாமம் வடக்கிலே, வெங்காயமும் புகையிலையும் போட்ட காணி. 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் வெளிக்கிட்டவர்கள் அவர்கள். பின்னர் அவ்விடம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. யுத்தம் முடிந்த பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஆனால் நான் ஹரோவுக்குப் போன ஆண்டிலே அத்தானுடைய எட்டுப் பரப்பு இன்னமும் முட்கம்பிக்கு உட்புறத்திலேதான் இருந்தது. இதைப்பற்றி அவர் பேசுவதில்லை. அரைப்பரப்பிலே பாத்தி கட்டியிருந்த ஒழுங்கைப் பார்த்தபொழுது எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. வாய்க்கால் பிடித்து, வரம்பு தட்டி, இணுவிலிலோ உரும்பிராயிலோ கண்ட தோட்டம்போலவே இருந்தது. தண்ணீர் மட்டும் துலாவிலிருந்து வரவில்லை. மூலையிலிருந்த தொட்டியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார். எழுபத்தெட்டு வயது, முழங்கால் வருத்தம் வேறு. அந்த ஆண்டு இங்கிலாந்திலே வெயில் நாற்பது பாகையைத் தாண்டிப் பதிவாகியிருந்தது. ஆவணியிலே வரட்சி என்று அறிவித்துவிட்டார்கள். பூங்காப் புல்லெல்லாம் வைக்கோல் நிறமாயிருக்க, அத்தானுடைய ஐந்து கூர்ஜெற் செடிகளும் குடைபோல இலை விரித்து நின்றன.

ஐந்து செடிகள்! அங்கேதான் வினை. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு செடி போதும், மிஞ்சினால் இரண்டு என்று அயலிலே தோட்டஞ் செய்யும் வெள்ளைக்காரப் பெரியவர் முன்னரே சொல்லியிருக்கிறார். ஆனால் நம்முடைய தோட்டக்காரனுக்கு விதை முளைக்குமோ, நத்தை தின்னுமோ என்ற பயம். ஆறு விதை போட்டார், ஐந்து முளைத்தன. முளைத்ததைப் பிடுங்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. இச்செடியின் குணமோ விசித்திரமானது. பறிக்கப் பறிக்கக் காய்க்கும். ஒரு காயைச் செடியிலே முற்றவிட்டால் விதையை உண்டாக்கிவிட்ட திருப்தியிலே புதுப்பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே வாரத்துக்கு மூன்று முறை, விரல் நீளம் சற்றுத் தாண்டியவுடன் பறிக்கவேண்டும் என்பது விதி. அத்தான் இவ்விதியை ஒரு விரதம்போல அனுசரித்தார். இரண்டு காயை வேண்டுமென்றே முற்றவிட்டால் பெருக்கம் தணியும் என்று நான் சொன்னபொழுது, “அது பயிருக்குச் செய்யிற துரோகம், பிள்ளை” என்றார்.

வீட்டிலே அக்காவின் பாடு சொல்லுந்தரமன்று. முதல் வாரம் வெள்ளைக்கறி. இக்காயிலே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். ஆகையால் நாம் சுரைக்காய்க்கு விடுவதுபோலத் தண்ணீர் விட்டால் கறி கஞ்சியாகிவிடும். வெங்காயம், பச்சைமிளகாயோடு மூடி வேகவிட்டு, இறக்குமுன் கட்டிப்பால் மட்டும் விட்டுத் தேசிக்காய் பிழியவேண்டும். வறை செய்வதாயின் துருவி, உப்புப் பிரட்டிக் கால் மணி நேரம் வைத்து, துணியிலே இறுகப் பிழிந்தெடுத்தல் அவசியம். அப்படிப் பிழிந்ததைக் கடலைப்பருப்பு வடையிலே கலந்தபொழுது, எனது அபிப்பிராயத்திலே, அதுவே இக்காயின் உத்தமமான முடிவு. பூவைக் கடலைமாவிலே தோய்த்துப் பொரிக்கலாம். இத்தாலியர் இதனை விரும்பிச் செய்கிறார்கள். பெண்பூவைப் பறித்தால் ஒரு காய் குறையும் என்பது அக்காவின் கணக்கு.

இங்கே குடும்பப் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிடுதல் நன்று. காயின் ஒரு துண்டை நாக்கிலே வைத்துப் பார்க்க, கைத்தால், முழுவதையும் எறிந்துவிடவேண்டும். பேய்ச்சுரையிலே உள்ளதுபோன்ற ஒருவகைக் கைப்பு நஞ்சு இவ்வினத்திலும் சிலவேளை தலைகாட்டும். வேறு பூசணி வகைகளோடு கலந்து காய்த்தவற்றின் விதையை வீட்டிலே எடுத்து நட்டால் இவ்வாறு நேரும். வேகவைத்தாலும் அது போகாது. 2015ஆம் ஆண்டு ஜெர்மனியிலே ஒரு முதியவர் கைப்பான சுக்கினியை உண்டு இறந்தார்.

இரண்டாம் வாரம் பிறந்தது. கறியைக் கண்டு மருமகன்மார் வாரக் கடைசியிலே வருவதைத் தள்ளிப் போட்டார்கள். துருவிப் பிழிந்து குளிர்பெட்டியின் உறைதட்டிலே அடைத்ததில் ஐஸ் வைக்க இடமில்லை. ஒருநாட் காலை அத்தான் வெளியே போயிருந்த சமயம், அக்கா முழங்கை நீளமுள்ள இரண்டு காய்களைத் தூக்கிக் கழிவு வாளியிலே போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரிலே நான் நின்ற வரிசைகள் கண்முன் வந்தன. ஒன்றும் பேசாமல் போய் அவற்றை எடுத்துக் கழுவினேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் என்ன செய்யிறது? ஆருக்குக் குடுக்கிறது?” என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் நான் இரவு முழுவதும் நினைத்துக் கிடந்தேன். ஊரிலே எங்கள் வளவுக்கும் அயல் வளவுக்கும் இடையே கிடுகு வேலி. வேலியிலே ஒரு பொட்டு. முருங்கைக்காய் மிஞ்சினால் பொட்டுக்குள்ளால் ஒரு கை நீளும். மறுநாள் அதே வழியாலே மாம்பழமோ தயிரோ திரும்பி வரும். கொடுக்க வேண்டுமென்று எவரும் தீர்மானித்துக் கொடுத்ததில்லை. ஹரோவிலே வேலி ஆளுயரப் பலகை; இடுக்கில்லை. பதினேழு வருடமாக அந்த வீட்டிலே இருக்கும் அக்காவுக்கு இடப்புறத்து அயலவரின் பெயர் தெரியாது. விற்கலாமோ என்றால் அதுவுமில்லை. வியாபாரத்துக்காகவல்ல, பயிரிடுபவரும் அவர் குடும்பமும் உண்பதற்காக ஏற்பட்ட நிலம் இது என்பது 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருத்து. கோயிலுக்கு ஒரு பை அனுப்பினோம். அன்னதானத்துச் சாம்பாரிலே போட்டார்கள். இரண்டாவது பைக்கு மடப்பள்ளியிலிருந்து மரியாதையான மறுப்பு வந்தது. அங்கே ஏற்கெனவே வேறு நான்கு பேர் கொண்டுவந்த கூர்ஜெற் கிடந்ததாம்! அமெரிக்காவிலே ஆகஸ்ட் 8ஆம் திகதியை, இரகசியமாக அயலவர் வாசலிலே சுக்கினியை வைத்துவிட்டு ஓடும் நாள் என்று வேடிக்கையாகக் கொண்டாடுவதுண்டு. அதைக் கேட்டு அக்கா சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை.

“இந்த வருசத்தோட சாவியைக் குடுக்கப் போறன்” என்றார். தோட்டத்து வாயிற்கதவின் சாவியைச் சொன்னார். “வீணாய்ப் போறதுக்கு ஏன் தண்ணி சுமக்க வேணும்?”

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பின்னேரம் நல்ல சேலை ஒன்றை உடுத்து, ஆறு பிஞ்சுக் காய்களை ஊரிலிருந்து கொண்டுவந்த பனையோலைப் பெட்டியிலே அடுக்கி, “நீயும் வா பிள்ளை, எனக்குத் தனியப் போகக் கூச்சமாய்க் கிடக்கு” என்று என்னையும் அழைத்துக்கொண்டு இடப்புறத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தவர் குஜராத்தி அம்மையார் ஒருவர். அக்காவைவிட வயதில் மூத்தவர். பெட்டியைப் பார்த்துவிட்டு, காயைப் பாராமல், பெட்டி எங்கே வாங்கியது என்றுதான் முதலிலே கேட்டார். பனையோலை என்பதை விளங்கப்படுத்த அக்காவுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. இரண்டு நாள் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது, வெறுமையாக அன்று. சுரைக்காய்க்குப் பதிலாகக் கூர்ஜெற்றைத் துருவி, கடலைமாவிலே பிசைந்து, ஆவியிலே அவித்துத் தாளித்த ‘முட்டியா’ என்னும் பலகாரம் அதற்குள் இருந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலாகாது என்ற வழக்கம் அவர்களிடத்திலும் உண்டாம். தோட்டத்திலே பக்கத்துத் துண்டுப் போலந்துப் பெண்மணி, மெல்லிய துண்டுகளாக அரிந்து வினாகிரியிலே ஊறவைத்த போத்தல் ஒன்றைத் தந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை, அத்தானுக்குப் பிடித்துக்கொண்டது.

மிச்சத்தை நானும் அக்காவும் வற்றலாக்கினோம். வழக்கமான இங்கிலாந்து வெயிலிலே இது நடவாத காரியம். அந்த ஆவணியின் எரிவெயிலோ நம்மூர்ச் சித்திரையைப் போலிருந்தது. மோரிலே உப்பும் மஞ்சளும் கலந்து ஊறவைத்த துண்டுகளைச் சுளகிலே பரப்பி, பின்வளவிலே நான்கு நாள் காயவைத்தோம். சுளகு நிறைந்த காய் ஒரு ஜாம் போத்தலுக்குள்ளே அடங்கிவிட்டது. பொரித்தபொழுது பாகற்காய் வற்றலின் சாயலிலே இருந்தது.

நான் திரும்பும் நாளிலே அத்தான் சாவியைப்பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வைகாசியிலே தொலைபேசியிற் பேசும்பொழுதுதான், “இந்த முறை எத்தினை கண்டு அத்தான்?” என்று கேட்டேன்.

“இரண்டு” என்றார் உறுதியாக.

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: “நாலு! இரண்டு கண்டை மற்றப் பாத்தியிலை ஒளிச்சு வைச்சிருக்கிறார்.”