முகத்துக்கு வெளிச்சம் பாருங்கள்

கேமரன் மலைக்குக் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் பச்சையைத் தேடித்தான் போகிறார்கள். பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் குறுகலான சாலையில், இருட்டு விலகும் முன்பே வண்டிகள் ஏறத் தொடங்கிவிடும். கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வந்த பிள்ளைகள் முக்காலியை ஊன்றி மேட்டில் இடம்பிடித்து நிற்பார்கள். மலேசியாவில் பொழுது விடியவே ஏறக்குறைய ஏழு மணியாகிவிடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து நாடு என்பதால் உதித்த சூரியன் மடமடவென்று மேலே போய்விடும். படக்காரர்கள் ஆசைப்படும் பொன்வெயில் அங்கே ஒரு மணி நேரம்கூடத் தங்காது.

அது முடிந்ததும் எல்லோரும் தானா ராத்தா ஊருக்கு இறங்கி வருவார்கள். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வருவதற்குள் கேமராக்கள் கைமாறத் தொடங்கிவிடும். இந்த மேசைப் பேச்சு எனக்கு மிகவும் பிடிக்கும். விலையுயர்ந்த லென்ஸ் வைத்திருப்பவரும் கைப்பேசியில் எடுத்த பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பார்கள். "பச்சையைக் கொஞ்சம் ஏத்துங்கண்ணே." "டிஹேஸ் போடுங்க, மூட்டமெல்லாம் போயிடும்." "ஒரு ஸ்டாப் குறைச்சு எடுத்தா வானம் நிக்கும்." யாரும் காசு கேட்பதில்லை, யாரும் பெரியவர் சின்னவர் பார்ப்பதில்லை. ஒரு கலை இப்படித்தான் வளர வேண்டும்.

ஆனால் அந்த அறிவுரைகளில் ஏறக்குறைய எல்லாமே மலைக்கும் வானத்துக்கும் இலைக்கும் மட்டும் சொல்லப்படுபவை. அந்தச் செடிகளுக்கு நடுவே நிற்கும் மனிதருக்கு எப்படி அளவு வைப்பது என்று அபூர்வமாகத்தான் பேச்சு வருகிறது.

மூடுபனியில் கேமரா என்ன செய்கிறது என்று பாருங்கள். அதனுள் இருக்கும் ஒளிமானி, எதிரே உள்ள காட்சி மொத்தமும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் ஒரு பரப்பு, என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. பனியோ வெளுப்பு. வெளுப்பைச் சாம்பலாக்க முயன்று கேமரா படத்தை இருட்டாக்கிவிடும். பனிமூட்டத்தில் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒன்றேகால் ஸ்டாப்வரை கூட்டி வைக்கச் சொல்வது இதனால்தான். கூட்டாமல் விட்டால் பனி அழுக்கேறித் தெரியும் என்பது சின்ன நட்டம். தொப்பிக்குக் கீழே, தலைத்துணியின் நிழலில் இருக்கும் கருநிற முகம் வெறும் கறையாகிவிடும் என்பதுதான் பெரிய நட்டம்.

ஒருமுறை அந்த மேசையில் ஓர் இளைஞர் காட்டிய படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சரிவெல்லாம் பச்சைக் கம்பளம், மேலே பனி, நடுவே கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. எல்லோரும் பச்சையைப் புகழ்ந்தார்கள். அந்த அக்காவுக்கு முகமே இல்லை. நல்லவேளை, படத்தை ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்த தரவு குறையாமல், எடுத்திருந்தார். மடிக்கணினியில் திறந்து நிழல் பகுதியை மட்டும் மெல்ல ஏற்றச் சொன்னோம். முதலில் தலைத்துணியின் கட்டம் தெரிந்தது. பிறகு மூக்குத்தி. பிறகு கண்கள்: அவர் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்! கன்னத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறியிருந்தது. தாடைக்குக் கீழே தோல் பச்சையோடியிருந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. இடுப்பளவுத் தேயிலைச் செடியில் பட்டுத் திரும்பும் ஒளி பச்சையாகவே முகத்தின் கீழ்ப்பாகத்தில் விழும். அந்த இடத்தை மட்டும் தேர்ந்து, நிறத்தை மெஜெந்தா பக்கம் ஒரு துளி நகர்த்தினால் போதும், இரத்தம் ஓடும் தோல் திரும்பி வந்துவிடும். மொத்தப் படத்துக்கும் பச்சையை ஏற்றினால் அந்த அக்காவின் தாடையும் சேர்ந்து பச்சையாகும். ரெடிமேட் பிரீசெட்டை அப்படியே போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கருநிறத் தோலைப் படங்கள் கைவிட்ட கதை பழையது. வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்குக் கோடக் நிறுவனம் பல ஆண்டுகள் ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். ஷர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் படமே சரி என்று உலகம் முழுக்க அளவு வைத்தார்கள். கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழக ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். அடர்ந்த பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் இருந்தன என்று அவர் பதிவு செய்திருக்கிறார். மனிதத் தோலுக்காக அந்தத் தொழில் விழித்துக்கொள்ளவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்றும் தீரவில்லை. 2021-இல் கூகுள் தன் பிக்சல் 6 கைப்பேசியில் கருநிற முகங்களுக்கென்றே அளவுகளைத் திருத்தி வெளியிட்டது என்றால், அதுவரை எவ்வளவு காலம் போயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

கேமரன் மலையில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, காட்டைத் திருத்திச் செடி நட்ட கைகளில் தமிழர் கைகள் ஏராளம். மலாயாவின் காலனிக் கால அஞ்சலட்டைகளில் நம் பாட்டன் பாட்டிகள் வரிசையாக நிற்கிறார்கள். கீழே 'தமிழ்க் கூலிகள்' என்று மட்டும் இருக்கும். பெயர் கிடையாது, பல அட்டைகளில் முகமும் தெளிவில்லை. இன்று கேமரன் மலைச் சரிவுகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். கூடையும் சேலையுமாக நிற்கும் பெண்ணைத் தேடிப் போகிறவர்கள் பல இடங்களில், இருவர் இரு பக்கமும் பிடித்துச் செடியின் மேல் ஓட்டும் வெட்டு இயந்திரத்தையும், அதன் பின்னால் ஊதிப் பருத்த பையையும்தான் பார்ப்பார்கள். அழகு குறைந்ததென்று பலர் கேமராவைத் திருப்பிக்கொள்கிறார்கள். எடுக்க வேண்டிய படம் அதுதான் என்பேன். இயந்திரத்தின் எடையில் புடைத்த முன்கை நரம்பும், வாயைச் சுற்றிய துணியும், வியர்வையும் இந்தக் காலத்துத் தேயிலையின் உண்மை.

பச்சையை ஒதுக்கச் சொல்லவில்லை. அதிலும் நுட்பம் இருக்கிறது. இளங்கொழுந்து மஞ்சள் கலந்த பச்சை, முற்றிய இலை கரும்பச்சை. சாச்சுரேஷனை ஒரே இழுப்பில் ஏற்றினால் இரண்டும் ஒன்றாகி, சரிவு பெயின்ட் அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். மஞ்சளைத் தனியாக லேசாக வெளிச்சப்படுத்தி, பச்சையைத் தொடாமல் விட்டால், எந்த நிரையில் கொழுந்து வந்திருக்கிறது, எந்த நிரை வெட்டி முடிந்தது என்பதுகூடப் படத்தில் படிக்கலாம். பனியையும் துடைத்தெடுக்காதீர்கள். பனி இல்லாவிட்டால் அது எந்த ஊர் மலையாகவும் இருக்கலாம்.

அடுத்த முறை சுங்கை பாலாஸுக்கோ ஹாபு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கோ போகிறவர்களிடம் சொல்வது இதுதான். எதிரே இருப்பவரிடம் முதலில் சிரித்து அனுமதி கேளுங்கள். ஒரு புள்ளியில் மட்டும் ஒளியை அளக்கும் ஸ்பாட் மீட்டரிங் வைத்து முகத்தில் அளவெடுங்கள். வானம் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். பெயரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் படத்தோடு எழுதி வையுங்கள். எடுத்த படத்தை அவருடைய கைப்பேசிக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். தானா ராத்தா மேசையில் ஒரு புதியவர் வந்து உட்கார்ந்தால், பச்சையை எப்படி ஏற்றுவது என்பதற்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுங்கள்.