ஆலைச் சாலைப் பயணம் – 4: ஷிப்டு முடிந்த பிறகு

சென்ற பகுதியைப் பூந்தமல்லியில் நிறுத்தியிருந்தேன். இம்முறை பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போய், ஸ்ரீபெரும்புதூரில் தெற்கே திரும்பி, ஒரகடம் சாலையில் பிள்ளைப்பாக்கம் வரை செல்லலாம். வழிநெடுகவும் சுற்றிலும் ஆலைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்யும் ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி வார்க்கும் செயின்ட் கோபெய்ன், 2006-இல் வந்து 2014-இல் மூடப்பட்ட நோக்கியா, சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஃபாக்ஸ்கான், ஒரகடத்தில் ரெனோ நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு. இந்தப் பெயர்களை அடுக்கி, இத்தனை கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் வேலை என்று எழுதியவர்கள் பலர். எனக்கு இருப்பது வேறு கேள்வி. இந்த ஆலைகளில் நிற்கிற இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் ஷிப்டு முடிந்த பிறகு என்ன செய்கிறார்கள்? அதைவிட முக்கியமாக, என்ன செய்ய அவர்களுக்கு வழி இருக்கிறது?

இது பெருநகரத்தைப் பற்றிய கேள்விதான். 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் அதற்குள் வந்துவிட்டது. ஆனால் பெருநகரவாசி என்ற தகுதியை அரசாணை மட்டும் தந்துவிடாது. வேலை முடித்த ஒருவர் நினைத்தபோது வெளியே கிளம்பி, இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்து, இல்லாவிட்டால் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தூங்கும் நேரத்துக்குள் திரும்பிவிட முடிகிற இடத்தையே நான் பெருநகரம் என்பேன். அந்தப் பொருளில் பிள்ளைப்பாக்கம் இன்னும் பெருநகரத்துக்கு வெளியேதான் இருக்கிறது. இங்குள்ளவர்களுக்கு ரசனை இல்லை, காசு இல்லை என்ற விளக்கங்களை நான் ஏற்கவில்லை. இங்கே ஓடும் பஸ்ஸும் திறக்கும் கதவும் ஆலையின் கடிகாரத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டிருக்கின்றன. குறை அங்கேதான்.

“அங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். சென்னைக்காரர்கள் மட்டுமல்ல, இங்கே வேலைக்கு வந்தவர்களும் இதையே கேட்கிறார்கள். இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது. பூந்தமல்லி தாண்டியதும் வருகிற திருமழிசை ஓர் ஆழ்வார் பிறந்த ஊர். கிழக்கே குன்றத்தூர், பெரிய புராணம் பாடிய சேக்கிழாரின் ஊர். ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் பிறந்தவர் இராமானுசர். மறைவாகக் காத்துவந்த மந்திரத்தைத் திருக்கோட்டியூரில் எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னவர் என்று வைணவ மரபு அவரைக் கொண்டாடுகிறது. தமிழின் பக்தி இலக்கியத்துக்கு இப்படி ஒரே வட்டாரத்தில் மூன்று ஊர்கள் அமைந்திருக்க, அதன் வழியே நாள்தோறும் கம்பெனி பஸ்ஸில் போகிற ஒருவருக்கு அதைச் சொல்ல ஒரு பலகைகூடக் கிடையாது. ஒரகடத்துக்கு அருகே வல்லக்கோட்டையில் ஆளுயரத்துக்கும் மேலே நிற்கும் முருகன் இருக்கிறார். காஞ்சிபுரம் ஒரு மணி நேர பஸ் பயணம். எட்டாம் நூற்றாண்டின் கைலாசநாதர் கோயில் அங்கே நிற்கிறது. வடகிழக்கே, 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியை எடுத்த பல்லாவரம். தமிழ்நாட்டு மனிதனின் வரலாறு எவ்வளவு ஆழமானது என்பதை அந்த ஒரு கல்தான் முதலில் சொன்னது.

கோயிலும் வரலாறும் வேண்டாம் என்பவருக்கு ஏரிகள் இருக்கின்றன. இந்த வட்டாரமே ஏரிகளின் நாடு. பிள்ளைப்பாக்கத்துக்கே ஓர் ஏரி உண்டு, ஸ்ரீபெரும்புதூருக்கு ஒன்று, சற்றே கிழக்கே சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம். மழைக்காலம் முடிந்து நீர் நிற்கிற மாதங்களில் முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீர்க்காகமும் பார்க்க ஏரிக்கரையும் இரண்டு கண்ணும் போதும். தமிழில் மா. கிருஷ்ணனும் தியடோர் பாஸ்கரனும் எழுதிக்காட்டியபடி, பறவை பார்ப்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளைக் குறித்தால் அது பதிவாகிவிடும். பதினைந்து நிமிடத்தில் செய்து முடிக்கக்கூடிய, முற்றிலும் இலவசமான சாகசம் இது. இதற்கு எதிர்முனையில், இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் கார், பைக் பந்தயங்கள் நடக்கும் ஓடுதளம் இருக்கிறது. இந்த வட்டாரத்தின் பெயர் பெற்ற பொழுதுபோக்கு அதுதான் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அது தவறென்பதற்காக அல்ல. அதற்குச் செலவழிக்கக்கூடியவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஏரிக்கரையில் நடக்க விரும்புகிறவருக்குக் கரைவரை போகும் ஒரு பாதையும் விளக்கும் கிடைக்கவில்லை என்பதற்காக. இமயத்தில் ஏறுவதற்கென்றே விற்கப்படும் பைக்குகளை உருவாக்கும் நிறுவனத்தின் ஆலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. பயணத்துக்கான ஆசையை உலகெங்கும் அனுப்புகிற ஊரில், அதைச் செய்கிற கைகளுக்கு ஒரு மாலைப் பயணம் எட்டாமல் இருப்பது சரியல்ல.

அடுத்து, காசு. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. செல்போன் ஆலைகளின் தொழிலாளர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். எனவே வெளியே போய்வர ஆகும் செலவு என்பது அவர்களைப் பொறுத்தவரை பெருமளவு தீர்ந்துபோன பிரச்சினை. தீராதது, அந்த பஸ் எப்போது வரும், எங்கே போகும் என்பது. ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் நிலையம் கிடையாது. ஆவடியிலிருந்து இவ்வழியே கூடுவாஞ்சேரிக்குப் போடவேண்டிய ரயில் பாதை பல ஆண்டுகளாகத் திட்டமாகவே இருக்கிறது. மெட்ரோவைப் பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை நீட்டும் பேச்சு நடக்கிறது. அதுவரை கம்பெனி பஸ்தான் கதி. அந்த பஸ் விடுதி வாசலில் ஏற்றி ஆலை வாசலில் இறக்கும். இடையில் எங்கும் நிற்காது.

நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், எட்டு மணி நேரம் நம் விருப்பத்துக்கு என்பது ராபர்ட் ஓவன் காலத்திலிருந்து வரும் கோரிக்கை. 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியதும் அந்த மரபில்தான். 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறிய பன்னிரண்டு மணி நேர வேலைச் சட்டத்திருத்தம் எதிர்ப்பு எழுந்ததும் மே தினத்தன்றே திரும்பப் பெறப்பட்டது. ஆகவே இந்தக் கணக்கு இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது எட்டு மணி நேரத்தைச் செய்யாறு, அரக்கோணம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சாலையே பெரும்பகுதி தின்றுவிடுகிறது. மிச்சத்தில் ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். இந்த வாரம் காலை ஆறு மணி ‘ஏ ஷிப்டு’ என்றால் அடுத்த வாரம் ‘பி’, அதற்கடுத்து இரவு ‘சி’. மாலை ஆறு மணிக்கு ஓவிய வகுப்போ வாசகர் வட்டமோ வைத்தால், ‘பி ஷிப்டில்’ இருப்பவர் அந்த வாரம் வரவே முடியாது. இரண்டு முறை விட்டுப்போனால் மூன்றாம் முறை வருவதற்குக் கூச்சமாகிவிடும். பொழுதுபோக்கு என்பது தொடர்ச்சியால் வாழ்வது. தொடர்ச்சி அறுந்தால் ஆர்வம் இல்லாதவர் என்ற பெயர்தான் மிஞ்சும். ஆர்வக்குறைவு என்று நாம் எளிதாகச் சொல்வதில் பெரும்பகுதி ஷிப்டு அட்டவணையின் விளைவு என்பது என் முடிவு.

இங்கே நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும். சுதந்திர இந்தியாவிலேயே முதலில், 1948-இல், பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவர் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று. அதே 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வாசகர் நூலகத்துக்கு வரமுடியாவிட்டால் நூலகம் வாசகரிடம் போகவேண்டும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய யோசனை அல்ல. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்மிடம் இருக்கிறது. ஆனால் இன்று நம் கிளை நூலகங்கள் பெரும்பாலும் காலையில் சில மணி நேரமும் மாலையில் சில மணி நேரமும் திறந்து, வெள்ளிக்கிழமை மூடுகின்றன. நேரத்தை மட்டும் பார்த்தால் ‘பி ஷிப்டு’க்காரர் காலையில் போகலாம், ‘ஏ ஷிப்டு’க்காரர் மாலையில் போகலாம் என்பது உண்மைதான். தூரத்தைச் சேர்த்துப் பார்த்தால் அது இயலாததாகிவிடுகிறது. விடுதி ஓரிடம், நூலகம் வேறோர் ஊரின் கடைவீதி, நடுவில் லாரிகள் பறக்கும் சாலை.

விடுதி என்றதும் வல்லம் வடகாலைச் சொல்லியாகவேண்டும். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியின் உணவால் செல்போன் ஆலைப் பெண்கள் பலர் நோயுற்றார்கள். அவர்களுடைய தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். தொழிலாளர் விடுதி என்ற ஒன்றை நாடே அப்போதுதான் கவனித்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது: ரூ. 706.50 கோடி செலவு, 13 கட்டடங்கள், 18,720 பெண்களுக்கு இடம். இது பெரிய காரியம், மனமாரப் பாராட்டவேண்டியது. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஓர் அறைக்கு ஆறு பேர். வெவ்வேறு ஷிப்டில் இருக்கிற ஆறு பேர் தூங்கும் அறையில் ஒருவர் படிக்க விளக்குப் போட முடியாது. அறைக்கு வெளியே, எந்த நேரத்திலும் விளக்கெரிகிற, பேச்சுக்குரல் கேட்காத ஓர் இடம் இருந்தால்தான் அங்கே வாசிப்பு நடக்கும். 18,720 பேர் என்பது ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை. அவ்வளவு பேர் உள்ள நகரத்துக்கு நாம் ஒரு முழுநேர நூலகத்தை உரிமையாகக் கேட்போம்.

“களைத்து வருகிற பிள்ளைகளிடம் புத்தகத்தை நீட்டாதீர்கள், அவர்களுக்குத் தூக்கம்தான் வேண்டும்” என்பார்கள். நியாயமான கவலை. களைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. 1865-இல் கியூபாவின் ஹவானாவில், சுருட்டுச் சுற்றும் தொழிலாளர்கள் தங்களுக்குப் பத்திரிகையும் நாவலும் உரக்க வாசிக்க ஓர் ஆளை அமர்த்திக்கொண்டார்கள். கேரளத்தில் பீடி சுற்றுவோரிடமும் இந்த வழக்கம் வேரூன்றியிருந்தது. நம் பெரம்பூரில், பின்னி ஆலைத் தொழிலாளர்கள் மாலை நேரச் சொற்பொழிவு கேட்க ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பக்திச் சபைக்குப் போனார்கள். திரு.வி.க. அங்கே பேசியிருக்கிறார். அங்கே கூடியவர்களிடமிருந்துதான், செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியில், 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா அதன் தலைவரானார். அந்த நாளின் ஆலை வேலை இன்றைய வேலையைவிடக் கடுமையானது. அந்தக் களைப்போடுதான் அவர்கள் கேட்கப் போனார்கள். சபை ஆலையின் பக்கத்திலேயே இருந்தது, கூட நண்பர்கள் இருந்தார்கள். அந்த இரண்டும் இருந்தால் களைப்பு தடையாகாது.

“செல்போன் இருக்கிறதே” என்பது அடுத்த மறுப்பு. இருக்கட்டும்; அதில் கதை கேட்கலாம், படிக்கலாம், பறவையின் பெயர் தேடலாம். ஆனால் ஆறு பேர் ஆறு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அறையிலிருந்து ஒரு வாசகர் வட்டம் தானாக உருவாவதில்லை. “இரண்டு மூன்று வருடம் சம்பாதித்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள், அவர்களுக்கு எதற்கு?” என்றும் கேட்பார்கள். இதுதான் என்னை மிகவும் வருத்துகிற கேள்வி. அந்த இரண்டு மூன்று வருடம் பத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டு வயது வரையிலான வருடம். கல்லூரியில் இருப்பவர்களுக்கு அதே வயதில் நூலகம், நாடகம், விளையாட்டு, சுற்றுலா எல்லாம் வேண்டும் என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். சீனாவின் ஷென்ஜென் ஃபாக்ஸ்கான் ஆலையில் சூ லிஜி என்ற இளைஞர் உற்பத்தி வரிசையில் நின்றுகொண்டே கவிதை எழுதினார். ஆலை நூலகத்தில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. 2014-இல், 24 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு நூலக வேலை அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வரிசையில் நிற்கிறவர்களுக்குள் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

பெண்களின் பாதுகாப்பைக் காட்டி விடுதிக் கதவைச் சீக்கிரம் மூடச் சொல்வோர் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரவு பத்து மணிக்கு ஷிப்டு முடிந்து பத்திரமாக அழைத்துவர ஏற்பாடு செய்ய முடிகிற நமக்கு, மாலை ஏழு மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவிலிருந்து அழைத்துவர முடியாதா? வாரவிடுமுறை நாளில் விடுதிகளிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், வல்லக்கோட்டை, காஞ்சிபுரம் என்று சுற்றிவரும் ஒரு பஸ். ஒரே வாசகர் கூட்டத்தைக் காலையிலும் மாலையிலும் இரண்டு முறை நடத்துவது. விடுதி வளாகத்திலேயே இரவெல்லாம் திறந்திருக்கும் படிப்பறை. பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் நடைபாதை. வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகும் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதை விடுதி வாசல் வரை நீட்டினால் போதும். பணம் எங்கே என்றால், சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வசூலாகிறது. ஆலைகள் நிறைந்த ஊராட்சிகளில் அந்தப் பத்துக் காசு எவ்வளவாகச் சேர்கிறது, அதில் எவ்வளவு இதே வட்டாரத்து அலமாரிகளுக்குத் திரும்புகிறது என்று ஊராட்சிக் கூட்டங்களில் கேட்கவேண்டியவர்கள் நாம்தான். அடுத்த பகுதியில் ஒரகடம் சந்திப்பைக் கடந்து வாலாஜாபாத் சாலையில் போவோம்; அங்கே தொழிலாளர்கள் வாடகைக்குத் தங்கும் பழைய ஊர்த்தெருக்களைப் பற்றி எழுதுகிறேன்.